பென்சிலால் அடித்த ஒரு வரி: சேலத்தில் கடன் கொடுக்கும் வங்கிகளின் இயக்குநர் குழுக்களுக்குத் திறந்த மடல்

இயக்குநர் குழுவில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில், அதுவும் பெரும்பாலும் சேலம் மாவட்டத்துக்குள்ளேயே. இப்போது அம்மாபேட்டையில் வீடு, காலையில் நடை, மாதம் பிறந்தால் பென்ஷன், கையில் இரண்டு மூன்று வங்கிகளின் கொஞ்சம் பங்குகள். அந்தப் பங்குகள் கொடுத்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மின்னஞ்சலில் ஓர் ஆண்டறிக்கை வந்தது. போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்தேன். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம், அதாவது இஎஸ்ஜி என்று நீங்கள் சொல்லும் பகுதி மட்டுமே ஒரு சின்னப் புத்தகம் அளவுக்கு இருந்தது. எத்தனை கிளைகளில் எல்இடி விளக்கு, எத்தனை மரக்கன்று, மாடியில் எவ்வளவு சோலார், மகளிர் தினத்தன்று எடுத்த குரூப் போட்டோ. வாராக்கடன் கணக்கு வேறு எங்கோ, பொடி எழுத்தில். இந்த இரண்டு பகுதிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று காட்டுகிற ஒரு வரியைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

அந்தச் சம்பந்தம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை என் கையாலேயே அதை எழுதினேன், அடித்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ பாக்டரி, அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலை. சிசி லிமிட், அதாவது சரக்கைக் காட்டி அவ்வப்போது எடுத்துக் கட்டும் கடனின் வரம்பு, புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் ஸ்தலத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். நாங்கள் கடன்தாரரைப் 'பார்ட்டி' என்போம். இவர் நல்ல பார்ட்டி. வட்டி ஒரு மாதம் தவறியதில்லை. வாசலில் கிழங்கு லாரிகள் வரிசையாக நின்றன. 90 கிலோ மூட்டைகளை எண்ணினேன், பார்ட்டி கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டோடு, அதாவது சரக்கு இருப்புக் கணக்கோடு, ஒத்துப்போனது. களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். சாதாரணமாக அதோடு ஜீப் ஏறிவிடுவோம்.

அன்று ஏனோ பின்பக்கம் போனேன். கிழங்கு கழுவிய தண்ணீரும் மாவு தெளிந்த பிறகு விட்ட தண்ணீரும் ஒரு மண் வாய்க்காலில் பால் கலரில் நுரைத்து ஓடியது. ஒருபக்கம் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் திப்பி மலைபோல் குவிந்து, அதன் புளித்த வாடை தொண்டையில் நின்றது. வாய்க்கால் வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போனது. அங்கே கிணற்றடியில் இருந்த ஒரு பாட்டி என் கையிலிருந்த பைலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேங்க்ல இருந்தா வர்றீங்க சார்? இந்தத் தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க. அதையும் எழுதிக்குங்க."

எழுதினேன். ஒரே வரிதான். 'கழிவுநீர் சுத்திகரிப்பு இல்லை. பக்கத்துக் கிணறு பாதிக்கப்பட்டுள்ளது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை காலாவதியாகிவிட்டது.' மேலே போன ரிப்போர்ட் திரும்பி வந்தபோது அந்த வரியின் மேல் பென்சில் கோடு. போனில் விளக்கமும் வந்தது. "இதெல்லாம் நம்ம வேலையாப்பா? அதுக்குத்தான் தனியா போர்டு இருக்கே. கணக்கு நல்லாத்தானே ஓடுது?" சுத்தமாகத் திருப்பி எழுதி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். தைரியசாலி என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. லிமிட் இரண்டு மடங்கானது.

மூன்று வருடம் கழித்து ஊர்க்காரர்கள் புகார் கொடுத்து, வாரியம் மூடச்சொல்லி, மின்சாரத்தைத் துண்டித்தார்கள். நல்ல சீசன் நேரம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கறுக்க ஆரம்பித்துவிடும். வந்து இறங்கிய லோடெல்லாம் அப்படியே போனது. அடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் போட ஒன்றுமில்லை. ஒரு மாதம்கூட வட்டி தவறாத பார்ட்டி சில மாதங்களில் வாராக்கடன் பட்டியலில் இருந்தார். சரி, அடமானம் இருக்கிறதே, ஏலம் விட்டு எடுக்கலாம் என்று போனால், அந்த நிலத்தைக் கேட்க ஆளில்லை. கிணறு கெட்ட நிலத்தை யார் வாங்குவார்?

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. வேறு காரணத்தால் ஒரு கடன் கெட்டால், வருமானம் போகும், அடமானம் நிற்கும். சுற்றுச்சூழலால் கெட்டால் இரண்டும் ஒரே நாளில் போகும். கடன் தேறுமா என்று பார்க்கும்போது வருமானத்தையும் அடமானத்தையும் தனித்தனித் தூணாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். அந்தப் பாட்டியின் கிணறு இரண்டு தூணுக்கும் அடியில் இருந்தது.

இது ஏதோ ஓர் ஊரில் ஒரு பாக்டரிக்கு நடந்தது என்று தள்ளிவிட வேண்டாம். பக்கத்தில் திருப்பூரை எடுங்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று உயர்நீதிமன்றம் 2006இல் சொன்னது. நிறைவேறவில்லை. 2011 ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவு வந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. பட்டறை நின்றால் பனியன் நிற்கும், பனியன் நின்றால் அட்டைப்பெட்டி செய்பவர் வரை நிற்பார். அவர்கள் எல்லாரிடமும் ஏதாவது ஒரு வங்கிக் கடன் இருந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்ற படத்தைப் பல வருடங்களாகப் பத்திரிகையில் பார்த்துக்கொண்டேதான் கடன் கொடுத்தோம். திடீரென்று வந்த அடி என்று யாரும் சொல்ல முடியாது.

"ஆராய்ச்சி என்ன சொல்கிறது?" என்று உங்களில் படித்தவர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். எல்லாத் துறைகளையும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த ஒரு கட்டுரை, அவற்றில் பத்துக்கு ஒன்பது இஎஸ்ஜியால் லாபத்துக்குக் கெடுதல் இல்லை என்கின்றன என்றது. இதை நிறுவனங்கள் விரும்பி மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் 'கெடுதல் இல்லை' என்பதற்குள் நல்லதும் அடக்கம், ஒன்றுமே நடக்காததும் அடக்கம். வங்கிகளை மட்டும் தனியாகப் பார்த்தால் சித்திரம் இன்னும் கலங்கல். ஐரோப்பாவில் 235 வங்கிகளின் 2007 முதல் 2016 வரையிலான கணக்கை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் நல்ல விளைவு தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் சுற்றுச்சூழல் பற்றி வெளியிட்ட வங்கிகளுக்குச் சொத்தின் மீதான லாபம் கூடியிருக்கிறது. சமூகப் பொறுப்புப் பகுதியோ எல்லா அளவுகோலிலும் எதிர்மறையாக வந்திருக்கிறது. நிர்வாகப் பகுதி லாப விகிதத்தில் குறைவாகவும் சந்தை மதிப்பில் கூடுதலாகவும் காட்டியிருக்கிறது.

இதைப் படித்துக் குழம்பத் தேவையில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது வங்கிகள் என்ன சொன்னார்கள் என்பதை. கடன் பைலில் என்ன செய்தார்கள் என்பதை வெளியே இருந்து யாரால் அளக்க முடியும்? மதிப்பெண் போடும் ஏஜென்சிகளே ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. ஆறு ஏஜென்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அவற்றுக்கிடையே ஒட்டுறவு (முழுதாக ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54தான் என்று கண்டார்கள். கடன் தரமதிப்பீட்டில் இதே எண் 0.9க்கும் மேல். ஒரே மாணவனுக்கு ஒரு வாத்தியார் முதல் ரேங்க் கொடுக்க, இன்னொருவர் பெயில் போடுகிற கதை. அப்புறம் இன்னொன்று: லாபம் நன்றாக வரும் வங்கிதான் மரம் நடவும் மினுமினுப்பான அறிக்கை அச்சடிக்கவும் காசு வைத்திருக்கும். எது முன்னால் வந்தது, முட்டையா கோழியா?

ஓர் உதாரணம் எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் இந்தக் கோணத்தில் பேசுவதில்லை. சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கென்று பணம் திரட்டும் பசுமைப் பத்திரத்தை இந்தியாவில் முதலில் வெளியிட்டது யெஸ் பேங்க், 2015இல், 1,000 கோடி. 2019 செப்டம்பரில் பொறுப்பான வங்கித் தொழிலுக்கான ஐ.நா. கொள்கைகள் அறிவிக்கப்பட்டபோது முதலிலேயே கையெழுத்துப் போட்ட இந்திய வங்கியும் அதுதான். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதைக் கையில் எடுத்தது. வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 2019 டிசம்பர் காலாண்டுக் கணக்கு வெளியானபோது மொத்த வாராக்கடன் 18.87 சதவீதம். வங்கி வெளியிட்டிருந்த வேறு வகைப் பத்திரங்கள், 8,415 கோடி ரூபாய், பூஜ்யமாயின. பசுமைப் பத்திரத்தால் அந்த வங்கி விழவில்லை, அது நியாயமில்லாத பேச்சு. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் 'வேண்டாம்' என்று சொல்லும் குரல் உள்ளே எடுபடவில்லை, அதனால் விழுந்தது.

நம் ஊர்ப்பக்கமே கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி இருந்தது. வியாபாரிகள் சேர்ந்து வியாபாரிகளுக்காகத் தொடங்கியது. தெரிந்த பார்ட்டி, தெரிந்த தொழில், சின்னச் சின்னக் கடன். அதை விட்டுவிட்டு வடக்கே பெரிய கார்ப்பரேட் கடன் பக்கம் போனது. 2020 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 25.39 சதவீதம், கடன்களுக்கு எதிரே வங்கியின் சொந்த மூலதனத்தைக் காட்டும் விகிதம் 1.12 சதவீதம், குறைந்தபட்சம் இருக்க வேண்டியது 9. அந்த செப்டம்பர் ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்களே எழுந்து ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். நாட்டில் அபூர்வமாக நடக்கிற காரியம். ஆனால் நோயாளி அதற்குள் மூச்சை விட்டாயிற்று. நவம்பரில் 25,000 ரூபாய் கட்டுப்பாடு, பத்தே நாளில் சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைப்பு, பங்குகளின் மதிப்பு பூஜ்யம். அந்தப் பங்குகளை மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த கரூர், சேலம், நாமக்கல் குடும்பங்கள் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், இஎஸ்ஜியின் மூன்று எழுத்தையும் சம எடையில் வைத்து அழகான வட்டம் போடாதீர்கள். நிர்வாகம் என்பது எத்தனை சுயேச்சை இயக்குநர், எத்தனை பெண் இயக்குநர், எத்தனை குழு என்ற எண்ணிக்கை இல்லை. அந்தப் பென்சில் யார் கையில் இருக்கிறது என்பதுதான். கீழே இருப்பவன் எழுதிய பாதகமான வரியை மேலே இருப்பவர் அடிக்க முடியுமா? அடித்தால் தன் பெயரும் காரணமும் போட்டு அடிக்க வேண்டுமா? இதற்கு உங்கள் வங்கியில் என்ன விதி? நான் புரட்டிய எந்த ஆண்டறிக்கையிலும் இது இல்லை.

எதிர்ப்பேச்சு எனக்கும் தெரியும், நானே பேசியிருக்கிறேன். "இந்த நிபந்தனை போட்டால் பார்ட்டி எதிர்ப்பக்கம் இருக்கிற வங்கிக்குப் போய்விடுவார்." உண்மை, போவார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவில் நாலு வங்கி. அதனால்தான் ஒரு வங்கிக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டால் போக இடம் இருக்காது.

இன்னொரு பயமும் உண்டு, அது எனக்கே இருக்கிறது. நாளைக்கு இதையே சாக்காக வைத்து, நாற்பது பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்து, கன்சல்டன்டுக்கு லட்ச ரூபாய் கொடுத்தால்தான் நிரப்ப முடியும் என்று வைத்து, கொலுசுப் பட்டறைக்காரரையும் தறிக்காரரையும் கழித்துக்கட்டிவிடுவீர்கள். பெரிய பார்ட்டி படிவத்தை அழகாக நிரப்பிவிடுவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அது நின்றால் தொழில் எத்தனை நாள் தாங்கும்: கிளை அதிகாரி நேரில் போய்ப் பார்த்து எழுத மூன்று கேள்வி போதும்.

வழி இருக்கிறது என்பதற்கு அதே சேகோ தொழிலே சாட்சி. கழிவுநீரை மூடிய தொட்டியில் தேக்கிப் புளிக்கவிட்டால் மீத்தேன் வருகிறது. அதில் ஜெனரேட்டர் ஓட்டலாம், மாவு காயவைக்கலாம். என் கடைசி வருடங்களில் ஒரு பார்ட்டி இப்படி கேஸ் பிளான்ட் போட கடன் கேட்டு வந்தார். தொட்டியின் மேல் ரப்பர் ஷீட் பலூன்போல் உப்பி நிற்பதைத் தட்டித் தட்டிக் காட்டி, "சார், இதுக்குள்ள இருக்கறது என் கரண்ட் பில்லுங்க" என்பார். முதலில் எங்கள் ஆட்கள் அந்தக் கடனை 'உற்பத்தி கூடாத செலவு' என்று திருப்பி அனுப்பினார்கள். உற்பத்தி கூடவில்லைதான், மின்கட்டணம் இறங்கியது, வாரியத்தின் பயமும் இறங்கியது. போராடி வாங்கிக் கொடுத்தோம். தவணைக்கு முன்பே அடைத்தார். சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில்களுக்குக் கடன் கொடுக்கவென்றே பசுமை வைப்புநிதி வாங்க ரிசர்வ் வங்கி 2023 ஜூன் முதல் வழி வகுத்திருக்கிறதே, அந்தப் பணம் சேலம் மாவட்டத்தில் இப்படி எத்தனை தொட்டிக்கு வந்தது? கிளை வாரியாகப் போடுங்கள், பார்ப்போம்.

சமூகம் என்ற எழுத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, இந்த மண்ணே அதைச் செய்து காட்டியது. மகளிர் சுய உதவிக் குழு என்பது தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்ததாக சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் வந்தது. சொத்து அடமானம் இல்லாமல் கொடுத்த அந்தக் கடன்கள், பங்களாவை அடமானம் வைத்து வாங்கிய கடன்களைவிட ஒழுங்காகத் திரும்பியதை நான் என் லெட்ஜரில் பார்த்தவன். ஒன்றே ஒன்று: கவுண்டரில் தமிழ் தெரிந்த ஒருவரையாவது உட்கார வையுங்கள். போன வாரம் ஒரு கிளையில், படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று ஓர் அம்மா அரை மணி நேரம் ஜாடையில் கேட்டுக்கொண்டிருந்தார். மகளிர் தின போட்டோவை விட இது முக்கியம்.

மலைக்கு வருகிறேன். ஏற்காட்டுக் காப்பிக்காரர் மார்ச், ஏப்ரலில் வானத்தைப் பார்த்தபடி இருப்பார். செடியைப் பூக்கவைக்கும் பூ மழை ஒன்று சரியாகப் பெய்து, சில வாரத்தில் அடுத்த மழை வந்தால்தான் காய் பிடிக்கும். அந்தக் கணக்கு இப்போது தவறிக்கொண்டே இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது; இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பழம் பறிக்கிற நேரம் அது. விருந்தினர் வராத விடுதிகளுக்கும் தவணைத் தேதி மாறவில்லை. இது போதாதென்று, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காப்பி எங்களுக்கு வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது. அமலுக்கு வரும் தேதியைத்தான் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள். எந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத சிறு விவசாயிக்கு, குறிப்பாக மலையாளி பழங்குடிக் குடும்பங்களுக்கு, அதைச் செய்துகொடுக்க வங்கியைவிடப் பொருத்தமான ஆள் யார்? நிலத்தின் பத்திரமும் சர்வே எண்ணும் ஏற்கெனவே உங்கள் பீரோவில் இருக்கிறது.

காலநிலையால் வரும் நிதி ஆபத்தை வங்கிகள் எப்படி வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வரைவு ஒன்றை வெளியிட்டது. அது இறுதியாகி வரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. பணம் போடுகிறவர்கள் காத்திருப்பதும் இல்லை. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் பாக்சைட் வெட்டிய மேட்டூர் அலுமினிய நிறுவனத்தை அதன் தாய் நிறுவனமான வேதாந்தாவோடு சேர்த்து நார்வே அரசின் ஓய்வூதிய நிதி தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது 2007இல். அப்போது இங்கே நம்மில் பலருக்கு இஎஸ்ஜி என்ற சொல்லே தெரியாது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் இப்போது வீடியோவில்தான் நடக்கிறது. பேசுவதற்குப் பெயர் பதிந்துவிட்டேன். மூன்று நிமிடம் கொடுப்பார்கள், இரண்டாவது நிமிடத்திலேயே மைக்கை அணைத்துவிடுவார்கள் என்று முன் அனுபவம். அதனால் கேள்வியை இங்கேயே எழுதிவிடுகிறேன், பதிலைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். கடந்த நிதியாண்டில் உங்கள் கிளை அதிகாரிகள் சுற்றுச்சூழல் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிய கடன்கள் எத்தனை? அவற்றில் எத்தனை மேலிடத்தில் அனுமதிக்கப்பட்டன? அனுமதித்தவற்றில் இன்று எத்தனை வாராக்கடன்?

அன்புடன்,
ஓய்வுபெற்ற கடன் அதிகாரி, சிறு பங்குதாரர்,
அம்மாபேட்டை, சேலம்.